நல்ல கவுன் வீட்டில் இருந்தது

எட்டு வருடத்துக்கு முன்னால் நான் செய்த ஒரு புரோஷரின் அட்டையில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒருத்தி இருப்பாள். படம் மேலேயிருந்து கீழ்நோக்கி எடுத்தது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், தோள்பட்டையில் தையல் விட்ட கவுன், பின்னால் சாக்கடையோரச் சுவர். போட்டோஷாப்பில் நான் நிறத்தைக் கொஞ்சம் மங்க வைத்து, நிழல்களை இன்னும் கறுப்பாக்கி, கண்ணில் மட்டும் வெளிச்சம் ஏற்றினேன். நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த வருடம் அந்தக் குடியிருப்பில் நடந்த ஒரு கூட்டத்தில், மிச்சமிருந்த பிரதிகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தோம். குழந்தையின் அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஒப்பந்தத்தில் தூய்மைப் பணி செய்கிறவர். சண்டை போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "வீட்ல நல்ல கவுன் இருந்துச்சு மேடம். அன்னைக்கே எடுத்துட்டு வந்தேன், மாத்தி விடுறேன்னு. உங்க போட்டோக்காரத் தம்பிதான் வேணாம், இப்படியே இருக்கட்டும்னுச்சு" என்றார். அப்புறம் மேசையில் இருந்த மற்ற பிரதிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மதுரையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பன்னிரண்டு வருடமாக டிசைனும் தகவல் தொடர்பும் பார்க்கிறேன். புரோஷர், ஆண்டறிக்கை, போஸ்டர், நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் போகிற படங்கள், எல்லாம் எங்கள் நான்கு பேர் கையிலிருந்துதான் போகும். எங்கள் நிறுவனத்தின் வேலை தூய்மைப் பணியாளர் குடும்பங்களோடு. இதே மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று, நாங்கள் எங்கே தவறினோம், எதை மாற்றினோம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் பிறந்தது ஊர்த்தெருவில். எங்கள் கிராமத்தில் ஊர் என்றால் நாங்கள் இருந்த இடம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் இடத்துக்கு ஊர் என்ற பெயர் கிடையாது, அது காலனி. 2025 ஏப்ரலில், அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்த அன்று, எங்கள் அலுவலகக் கணினியில் பழைய கோப்புகளைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். கள அறிக்கை, வரைபடம், போஸ்டர், முகாம் நோட்டீஸ் என்று எங்கும் இருந்தது. பாதிக்கு மேல் நான் லேஅவுட் செய்தவை. சாதியை எதிர்க்கிற வேலை செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே அத்தனை வருடம் அந்தச் சொல்லை அழகான ஃபாண்ட்டில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

2020க்கு வருகிறேன். மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் ஒரு வெள்ளைக் காவலரின் முழங்காலுக்கு அடியில் இறந்தார். ஜூன் 2 அன்று அதைக் கண்டித்து உலகம் முழுக்க இன்ஸ்டாகிராமில் கறுப்புச் சதுரம் போட்டார்கள், நாங்களும் போட்டோம். அதற்கடுத்த மாதங்களில் வெளிநாட்டிலிருந்து எங்களுக்கு நிதி தருகிற அமைப்பு ஒன்று, தன்னிடம் நிதி வாங்குகிற எல்லோரும் இனவெறிக்கு எதிரான தங்கள் உறுதிமொழியை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டது. ஒரு பக்கத்துக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதினோம், நான் டிசைன் செய்தேன், அனுப்பியாகிவிட்டது. மறுநாள் எங்கள் ஜூனியர் டிசைனர் என் மேசைக்கு வந்து, "அக்கா, இதுல சாதின்னு ஒரு வார்த்தைகூட இல்லையே" என்றாள்.

உட்கார வைத்துப் பேசினேன். பேச்சுவாக்கில் அந்தப் பழைய புரோஷரும் வந்தது. எங்கள் நான்கு பேரில் தலித் குடும்பத்திலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். "நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே அந்த அட்டையப் பாத்தேன் அக்கா. எங்க சித்தி மகள அப்படி எடுத்திருந்தா விட்டிருக்க மாட்டேன். ஆனா நான் சொன்னா, அவ அந்த ஆளுங்க, அதான் சொல்றான்னு ஆயிரும்ல" என்றாள். ஒரு வருடமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்.

இன்றைக்கு நினைத்தாலும் அந்த வாக்கியம் என்னை உட்கார விடாது. நாங்கள் எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறோம், கண்ணியமான படம் எது, கண்ணியமான சொல் எது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்திருக்கிறோம். தவறு தெரிந்தவள் எங்கள் அறைக்குள்ளேயே இருந்தாள். அவளுக்கு 'இது வேண்டாம்' என்று சொல்ல இடம் இல்லை. படத்தில் இருந்த குழந்தையின் அம்மாவுக்கும் இல்லை, அவர் கையில் கவுனோடு வந்து நின்றும்கூட. என்னுடைய அனுபவத்தில் எல்லாமே இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது: அச்சுக்குப் போகும் முன் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது? அதை மாற்றாமல் மற்ற எதை மாற்றினாலும் நிற்கவில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். குடியிருப்புகளிலிருந்து மூன்று பேர், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆள் மாறும். அவர்கள் கையெழுத்து இல்லாமல் எதுவும் அச்சகத்துக்குப் போகாது. ஒரு அமர்வுக்கு ஆளுக்கு 600 ரூபாய், பஸ் காசு தனி. இந்தப் பணத்தை நிதி கேட்டு எழுதும்போதே அச்சுச் செலவோடு சேர்த்து எழுதிவிடுவோம், ஏனென்றால் தனித் தலைப்பில் போட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான். நிர்வாகத்தில் தயக்கம் இருந்தது. அவர்களுக்கு டிசைன் பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். கருத்துக் கேட்டால் போதாதா, நிறுத்துகிற உரிமை எதற்கு என்று இன்னொருவர். கருத்து என்றால் கேட்டுவிட்டு நாம் நினைத்ததையே செய்யலாம், அது இத்தனை வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று சொன்னேன்.

முதல் இரண்டு அமர்வும் வீண். எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு மேடம்" என்றார்கள். எங்கள் அலுவலகத்தில், எங்கள் நாற்காலியில் உட்கார வைத்து, செய்தவளே எதிரில் நின்றுகொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்கள்? விடியற்காலையில் தெருவில் இறங்குகிறவர்கள், மதியம் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் வேறு. அப்புறம் இடத்தை மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர்கள் தெருவிலேயே, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில். நான் போகமாட்டேன், ஜூனியர்தான் நடத்துவாள். ஒரு டிசைன் மட்டும் கொண்டுபோனால் சரி என்றுதான் சொல்வார்கள், அதனால் எப்போதும் இரண்டு. 'எப்படி இருக்கிறது' என்ற கேள்வியை விட்டுவிட்டோம். அதற்குப் பதில் இப்போது நாங்கள் கேட்பது அந்தக் குழுவில் இருந்த ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தது: "இத உங்க சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவீங்களா?" இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ படங்கள் விழுந்துவிட்டன. நான் அந்தப் பழைய புரோஷரில் செய்தது முதல் நொடியிலேயே விழுந்திருக்கும்.

சொற்களில்தான் அவர்கள் எங்களை அதிகம் நிறுத்தினார்கள். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் இறந்தால் செய்திகளில் எப்படி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும்: 'விஷவாயு தாக்கி தூய்மைப் பணியாளர் பலி'. நாங்களும் ஒரு கண்டனப் போஸ்டரில் அதையே எழுதியிருந்தோம். வாசித்துக் காட்டியபோது, அண்ணனை அப்படிப் பறிகொடுத்த ஒருவர் கேட்டார், "வாயுவா எங்கண்ணன உள்ள இறக்குச்சு?" திண்ணையில் யாரும் பேசவில்லை. அந்த வாக்கியத்தில் ஆளை இறக்கியவன் இல்லை, மூடியைத் திறந்தவன் இல்லை, இயந்திரம் வாங்காமல் விட்டவர் இல்லை. வாயு மட்டும்தான் குற்றவாளி. மறுநாள் மாற்றி எழுதினோம்: 'பாதுகாப்புக் கருவி எதுவும் தராமல் தொட்டிக்குள் இறக்கப்பட்டதால் இறந்தார்.' இறக்கியவர் பெயரை முதல் தகவல் அறிக்கையில் இருந்தால் மட்டும் எழுதுவோம், வழக்கறிஞர் பார்த்த பிறகு. இதே கண்ணோடு பழைய பிரசுரங்களை எடுத்துப் படித்தால் 'படிப்பை நிறுத்திவிட்டாள்', 'வேலை கிடைக்கவில்லை', 'பின்தங்கியுள்ளனர்' என்று வரிக்கு வரி இதேதான். வகுப்பறையில் தனியாக உட்கார வைக்கப்பட்டதால் நின்றவளை, தானாக நின்றவள் ஆக்கியிருக்கிறோம்.

அந்தப் போஸ்டரின் கீழ்ப்பாதியில் முதலில் எங்கள் லோகோவும், ஒரு மெழுகுவர்த்திப் படமும் இருந்தன. அவர்கள் இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டு, செத்தால் என்ன கிடைக்கும், யாரிடம் போக வேண்டும் என்று போடச் சொன்னார்கள். நியாயம்தானே. இந்த வேலையில் பாதுகாப்புக் கருவி தராமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1993க்குப் பிறகு இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது, நிரந்தர ஊனம் ஏற்பட்டால் குறைந்தது 20 லட்சம். நாங்கள் இதை ஆங்கில ஆண்டறிக்கையில் அழகான கட்டத்துக்குள் போட்டிருந்தோம். யாருக்குத் தெரிய வேண்டுமோ அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது '30 லட்சம்' என்ற எண் போஸ்டரில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும், லோகோ கீழே மூலையில் கட்டைவிரல் அளவுக்கு. வாசிக்க வராதவர்களுக்காக அதையே ஒரு நிமிட வாட்ஸ்அப் ஆடியோவாகவும் அனுப்புகிறோம். படத்தைவிட அதுதான் அதிகம் சுற்றுகிறது.

படத்துக்குக் கீழே எழுதும் வரியையும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய செய்தி மடல் ஒன்றில் தையல் இயந்திரம் வழங்கும் படம் இருக்கிறது. கொடுப்பவருக்கு முழுப் பெயர், பதவி, பட்டம். வாங்குகிறவருக்கு 'பயனாளி'. ஒரே படம், ஒரே மேடை. இப்போது இரண்டு பேருக்கும் பெயர், அல்லது இரண்டு பேருக்கும் இல்லை. ஆனால் கேட்காமல் பெயரைப் போடக்கூடாது, ஒப்பந்தக்காரர் பார்த்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அந்தப் பயம் நிஜமானது.

நிறத்துக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் நிகழ்ச்சி, தன்னார்வலர்களுக்கு இரண்டு நிறத்தில் டி-சர்ட் அடித்துக் கொண்டுபோயிருந்தோம். தலைமை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த ரெண்டு கலரையும் சேத்துப் போட்டுட்டு உள்ள வராதீங்கம்மா, இங்க அதுக்கு வேற அர்த்தம்" என்றார். பையன்கள் கையில் கட்டுகிற கயிற்றின் நிறத்தை வைத்து யார் என்ன சாதி என்று தெரிந்துகொள்கிற ஊர். 2019இலேயே பள்ளிக் கல்வித்துறை இந்தக் கயிறுகளைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழுவும், 2024இல் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. இதெல்லாம் செய்தியாக எனக்குத் தெரியும். ஆனால் மதுரையில் உட்கார்ந்து கலர் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு அது வெறும் கலர். டி-சர்ட்டுகளை வண்டியிலேயே விட்டுவிட்டு அவரவர் சட்டையில் உள்ளே போனோம். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் நிறங்களைக் காட்டிவிட்டுத்தான் அடிப்போம்.

அதற்கப்புறம் எங்கள் அலுவலகத்தில் சிலர் இதை வேறு பக்கம் இழுத்தார்கள். அப்படியானால் நீலமும் வேண்டாமே, கட்சி மாதிரித் தெரியும், பிரச்சினை எதற்கு என்றார்கள். இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. கயிற்று நிறம் அடுத்தவனை மிரட்டக் கட்டுவது. நீலம் 1942இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நிறம், தலைநிமிர்ந்து நிற்கப் பிடித்தது. இரண்டையும் ஒன்றாக வைப்பது நடுநிலை ஆகாது. குழுவைக் கேட்டோம், மூன்று பேரும் நீலம்தான் வேண்டும் என்றார்கள். அந்த வருடக் காலண்டர் நீலத்தில் வந்தது, எங்கள் காலண்டர் எதையும் வீடுகளில் அவ்வளவு நாள் மாட்டி வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

தோலின் நிறம் இதைவிடச் சிக்கல். சட்ட உதவிப் புத்தகம் ஒன்றுக்கு ஓவியங்கள் வரைய வைத்தோம். எல்லாம் முடிந்து சுவரில் வரிசையாக ஒட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. வக்கீல், டாக்டர், டீச்சர், எங்கள் ஊழியர், எல்லோரும் கோதுமை நிறம். உதவி கேட்டு நிற்பவர்கள் எல்லோரும் கறுப்பு. யாரும் அப்படி வரையச் சொல்லவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை, நான் உட்பட. மொத்தத்தையும் திருப்பி வரைந்தோம், ஒரே குடும்பத்துக்குள்ளேயே நாலு நிறம் இருப்பது மாதிரி, நம் வீடுகளில் இருப்பது மாதிரி. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் எல்லாப் பக்கமும் ஒன்றாக ஒட்டிப் பார்க்காமல் அனுப்புவதில்லை, தனித்தனிப் பக்கமாகப் பார்த்தால் இந்தக் குற்றம் தெரியவே தெரியாது.

அச்சிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கறுப்பு முகத்தை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால் கேமரா சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அதை மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத சாதாரணக் காகிதத்தில் அச்சிட்டால் மை ஊறிப் பரவி, கண், மூக்கு எல்லாம் ஒரே திட்டாகிவிடும். அச்சகத்தில் உடனே "கொஞ்சம் வெளுப்பாக்கிடலாம் மேடம்" என்பார்கள். கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து புகைப்படக் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள், அவள் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. மர நாற்காலியும் சாக்லேட்டும் படத்தில் சரியாக விழவில்லை என்று அந்த வியாபாரிகள் புகார் செய்த பிறகுதான் ஃபிலிமில் பழுப்பு நிறங்களைக் கவனித்தார்களாம், அத்தனை கறுப்பு முகங்கள் இருண்டு கிடந்தபோது கவனிக்காதவர்கள். இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் ஊர் ஸ்டுடியோவில் எடுத்த பள்ளிக்கூடக் குரூப் போட்டோதான் ஞாபகம் வந்தது. சரி, வழி இருக்கிறது: அடர்ந்த பச்சை, நீலம், மரம், செங்கல் மாதிரிப் பின்னணியில் நிழலில் நிறுத்துங்கள், போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சம் அளந்துகொள்ளுங்கள், தோல் இருக்கும் இடத்தில் கறுப்பு மையைக் குறைத்து மற்ற மூன்று மையால் (சியான், மஜெந்தா, மஞ்சள்) நிறத்தைக் கொண்டுவாருங்கள், வழவழப்பான ஆர்ட் பேப்பருக்குக் காசு இல்லையென்றால் ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. ஒரு தடவை எங்கள் குழுவே ஒரு கல்லூரிப் பெண்ணின் படத்தைப் பார்த்து, "புள்ளய இன்னும் கொஞ்சம் கலராப் போடுங்க" என்றார்கள். நிறுத்தும் உரிமை அவர்களுடையது. வெளுக்கவைக்க எனக்கு மனமில்லை. ஜூனியர்தான் ஒரு காரியம் செய்தாள், அந்தப் பெண்ணையே அழைத்துவந்து திண்ணையில் உட்கார வைத்தாள். பேசப் பேசத் தெரிந்தது, அவர்கள் சொன்னதில் பாதி அச்சில் முகம் சேறாக வந்திருந்ததைப் பற்றி, அது எங்கள் தவறு. மீதிப் பாதி நம் எல்லோர் வீட்டிலும் பெண் பார்க்க வரும்போது கேட்கிற அதே பேச்சு. அந்தப் பெண் அவர்களிடம், "எங்கம்மா கலர்தான் நான், இருக்கட்டும் அத்தை" என்றாள். வெளிச்சத்தைச் சரிசெய்து அச்சிட்டோம், நிறத்தைத் தொடவில்லை. அன்று அவள் வரவில்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஒப்புதல் படிவம் முன்பு ஆங்கிலத்தில் ஒரு தாள், அடியில் கைநாட்டு. இப்போது படம் எடுத்ததும் போனிலேயே காட்டுகிறோம், எங்கே எல்லாம் வரும் என்று பழைய புரோஷரைக் கையில் கொடுத்துச் சொல்கிறோம், வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வர இரண்டு நாள் தருகிறோம். அனுமதி இரண்டு வருடத்துக்குத்தான், நடுவில் மனம் மாறினால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், காரணம் கேட்கமாட்டோம். அப்படி நான்கைந்து படங்களை எடுத்திருக்கிறோம். அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த அட்டைப்படம்.

இதனால் வேலை தாமதமாகிறது, அதை ஒளிக்க மாட்டேன். ஒரு நன்கொடையாளர் உங்கள் படங்களில் இப்போது கஷ்டமே தெரிவதில்லையே என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். நிர்வாகக் கூட்டத்தில் அது பெரிய பேச்சானது, நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். ஜூனியராக இருந்தவள்தான் இப்போது இந்தக் குழுவுக்குப் பொறுப்பு. என் டிசைனையும் நிறுத்துவாள்.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வருடம் ஆனது. வீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுத்தார், அந்தப் பேச்சை எடுத்ததும் "விடுங்க மேடம்" என்றார். விட்டுவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தை எங்கள் எல்லாக் கணினியிலிருந்தும் அழித்துவிட்டோம், அவர் கேட்டது அது ஒன்றுதான்.

போன ஜூனில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மகள், கல்லூரி வாசலில், கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி போட்ட பச்சைச் சுடிதார், கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. கீழே ஒரு ஆடியோ இருந்தது. "இது புக்குல போடுறதுக்கு இல்ல மேடம். நீங்க பாக்கணும்னுதான் அனுப்புனேன்."